சாவித்திரிக்கு ஒரு பாலம்

"மூணு மணி நேரத்துல வாய்க்கால் மேல பாலம் கட்டுறேன். யானை போகலாம், யானைக்குப் பின்னால ரயிலே போகலாம்" என்றார் ஓய்வுபெற்ற என்ஜினீயர் அமிர்தலிங்கம். கூடத்தில் அவர் மனைவி சாவித்திரி மாலைகளுக்கு நடுவே கிடந்தாள்.

துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்றே அவள் தம்பி குணசேகரன் நினைத்தான். சுடுகாட்டுக்கு வாய்க்காலைக் கடந்தாக வேண்டும். ஆற்றில் தண்ணீர் திறந்ததிலிருந்து வாய்க்காலில் மார்பளவு ஓட்டம். போன மாதம் பக்கத்துத் தெருப் பாடை அதில் முங்கி முங்கிப் போனதைப் பார்த்து, "என்னை இப்படிக் கொண்டுபோயிடாதீங்க" என்று கணவரிடம் அழுதவள் அக்கா.

"ஒரு மதகுக்கே மூணு வருஷம் எடுத்தீங்களே, அத்தான்!"

"அதுக்கு அம்பது பேர் கையெழுத்து, மாப்ள. இதுக்கு உங்கக்கா சொன்னா போதும். சொல்லிட்டா."

காலண்டர் தாளைக் கிழித்துக் கோடு போட்டார். முதலில் கரையில் மணல்மூட்டை, அதன்மேல் காற்றில் சாய்ந்த கொல்லைத் தென்னைகள், அதன்மேல் சவுக்குக் கழிகள்.

"ஒண்ணு முடியாம அடுத்தது ஆகாது. இதுதான் கிரிட்டிக்கல் பாத். இதுல அஞ்சு நிமிஷம் பிந்தினா மொத்தமும் பிந்தும். கயிறு, கழி கொண்டாறது தனியா நடக்கட்டும்."

யாரோ பாலத்துக்குக் கைப்பிடி கேட்டார்கள்.

"வேலையைக் கூட்டாதீங்க. அவ ஒருத்தி போகணும், அவ்வளவுதான்." அப்போதுதான் அவர் குரல் உடைந்தது.

மூன்றாவது மணி முடியுமுன் பாடை கிளம்பியது. கொள்ளிச்சட்டியோடு அமிர்தலிங்கம் முன்னால் போனார். பாடைக்குத் தோள் கொடுத்த குணசேகரனின் காலடியில் மரம் அதிர்ந்தது, ஆனால் நகரவில்லை.

அக்கரையில் அத்தான் பெருமை பேசுவாரென்று காத்திருந்தான். அவர் பாலத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தார்.

"கட்டிட்டீங்க அத்தான்" என்றான் குணசேகரன். "நெசமாவே கட்டிட்டீங்க."