அந்த நோட்டு என்னுடையது

வாசகர் கருத்துகளைப் படித்துப் பிரித்துப் போடுவதுதான் என் வேலை என்று சொன்னால் என் அக்காவே சிரிப்பாள். “அதெல்லாம் ஒரு வேலையாடி?” என்பாள். வேலைதான். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் மாலை ஆறுவரை இடுப்பு ஒடிகிற வேலை. எங்கள் நிறுவனம் செல்போனில் தொடர்கதை வெளியிடுகிறது. எத்தனை கதை போட்டாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். ஒரு பள்ளிக்கூடம், ஒரு முரட்டுப் பையன், நன்றாகப் படிக்கிற ஒரு பெண். அவன் துரத்துவான், அவள் முறைப்பாள், இருபதாவது அத்தியாயத்தில் மழை பெய்யும், இருவரும் ஒரே குடைக்குள் வந்துவிடுவார்கள்.

இதைப் படித்துவிட்டு எழுதுவார்கள் பாருங்கள். “அழுது அழுது தலையணை நனைந்துவிட்டது.” “இவனை மாதிரி ஒருத்தன் எனக்கு எப்போது கிடைப்பான்?” “அக்கா, அடுத்த அத்தியாயம் போடாவிட்டால் நான் சாப்பிட மாட்டேன்.” அந்த அக்கா யார் என்று அவர்களுக்குத் தெரியாது. அட்டையில் பெண் பெயர் இருக்கும். எழுதுகிற ஆள் ஐம்பத்து மூன்று வயது மனிதர், காப்பீட்டு அலுவலகத்தில் விருப்ப ஓய்வு வாங்கியவர், முகத்தில் பாதி மீசை. அலுவலகத்தில் எல்லோரும் அவரை ‘மீசை’ என்றுதான் சொல்வோம். அவருக்கும் அது தெரியும்.

என் கணினியில் மூன்று பெட்டிகள். புகழ்ந்து எழுதியதெல்லாம் முதல் பெட்டிக்குப் போய் மேலே தெரியும். திட்டு, கதை முடிவைப் போட்டு உடைப்பது, சம்பந்தமில்லாத பேச்சு எல்லாம் இரண்டாவதில் மறைந்துவிடும். மூன்றாவதற்கு நாங்கள் வைத்த பெயர் தீனி. யாராவது தன் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சுவையாக எழுதியிருந்தால் அதில் போடுவேன். வெள்ளிக்கிழமை மதியம் அந்தப் பெட்டி மொத்தமும் மீசைக்குப் போகும். அவர் பள்ளிக்கூடத்தை விட்டு முப்பத்தைந்து வருடம் ஆகிறது, பாவம், எங்கிருந்துதான் எழுதுவார்?

ஒற்றைப்பின்னல் என்ற பெயரில் ஒரு பெண் எழுதிக்கொண்டிருந்தாள். எப்போதும் ஒரே ஒரு நட்சத்திரம்தான் போடுவாள். ஆறாவது அத்தியாயத்துக்கு இப்படி எழுதியிருந்தாள்: “பேருந்தில் அவள் உட்காரும் இடத்தில் அவன் தினமும் ஒரு மிட்டாய் வைக்கிறானாம், அவளுக்கு உள்ளுக்குள் இனிக்கிறதாம். எனக்கும் ஒருத்தன் வைக்கிறான். நான் இருக்கையைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.” படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். பரவாயில்லை, ஒருத்திக்காவது மூளை இருக்கிறது என்று நினைத்தேன். தீனியில் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி எழுதினாள். “என் இயற்பியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவன் தன் பெயரை எழுதி வைத்திருந்தான். கிழித்துப் போட்டேன். மறுநாள் எல்லாப் பக்கத்திலும் எழுதியிருந்தான். இதை எந்தக் கதையிலும் யாரும் அசிங்கம் என்று சொல்வதில்லை. வீட்டில் சொன்னால் என் படிப்பை நிறுத்திவிடுவார்கள். நான் பன்னிரண்டாவது முடிக்க வேண்டும். இங்கே என்னை யாருக்கும் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.”

அன்றைக்கு எனக்கு முந்நூற்றுச் சொச்சம் கருத்து பாக்கி. நோட்டு விஷயம் புதிதாக இருந்தது. அதையும் தீனியில் போட்டேன். போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். இதைச் சொல்லும்போது எனக்கே என் கன்னத்தில் அறையத் தோன்றுகிறது.

ஒன்பதாவது அத்தியாயம் வந்தது. நாயகன் அவளுடைய நோட்டின் எல்லாப் பக்கத்திலும் தன் பெயரை எழுதுகிறான். அவள் அழுதுகொண்டே ஒவ்வொன்றாகக் கிழிக்கிறாள். கடைசிப் பக்கத்தைக் கிழிக்கக் கை வரவில்லை. அவன் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதி மூடி வைக்கிறாள். மீசை நன்றாகத்தான் எழுதியிருந்தார், அதைச் சொல்லியாக வேண்டும். இரண்டே நாளில் பன்னிரண்டாயிரம் பேர் படித்தார்கள். கருத்துகள் கொட்டின. தங்கள் நோட்டைப் படம் எடுத்து அனுப்பிய பெண்கள் எத்தனையோ பேர்.

அந்தக் குவியலுக்கு நடுவே அவளுடையதும் இருந்தது. “அந்த நோட்டு என்னுடையது.” அவ்வளவுதான். எந்த நோட்டு என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இருந்தாலும் கை பழக்கத்தில் சம்பந்தமில்லாதது என்று குறித்து அதை மறைத்துவிட்டது. மறைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை நீளமாக எழுதினாள். “வகுப்பில் எல்லோரும் படித்துவிட்டார்கள். அவனும் படித்தான். ‘பார்த்தியா, கதையிலகூட அவ ஒத்துக்கிட்டா’ என்கிறான். என் தோழிகளே என் நோட்டைப் பிடுங்கி அவன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதிவிட்டார்கள். ரொம்பப் பண்ணாதே, அவன் நல்லவன் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை என் பையைப் பிடித்து இழுத்தான், எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா, நீங்கள் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுவீர்களா?”

அவள் அக்கா என்று கூப்பிட்டது மீசையை. பதில் சொல்ல வேண்டியவள் நான். எங்களுக்குப் பதில் எழுத அனுமதி கிடையாது. ‘உங்கள் அன்புக்கு நன்றி’, ‘தொடர்ந்து படியுங்கள்’ என்று இரண்டு வாக்கியங்கள் தயாராக இருக்கும், ஏதாவது ஒன்றைத் தட்டலாம். நான் எதையும் தட்டாமல் எழுந்து மீசையைத் தேடிப் போனேன். அவர் வராந்தாவில் நின்று கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

“சார், ஒன்பதாவது அத்தியாயத்தை மாத்தணும்.”

“ஏம்மா? நல்லாத்தானே போவுது.”

சொன்னேன். கேட்டுக்கொண்டே கண்ணாடியைத் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார்.

“எனக்கு எப்படிம்மா தெரியும்? நீங்கதானே அனுப்புனீங்க. நான் பாட்டுக்கு எழுதுனேன். இப்ப பாதியில மாத்துனா படிக்கிறவங்க என்னை விடுவாங்களா?”

“அந்தப் பொண்ணு படிப்பே போயிடும் போல இருக்கு சார்.”

“ஒருத்தி சொல்றதுக்காக எல்லாத்தையும் மாத்த முடியுமா? மேல கேட்டுப் பாருங்க. அவர் சரின்னா எனக்கு ஒண்ணும் இல்ல.”

மேலே என்றால் மேலாளர். அவருக்கு வயது முப்பதுகூட இல்லை, என்னை மேடம் என்பார், நான் சொல்வது எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“மேடம், இந்தக் கதைக்குக் கூட்டம் வந்ததே இந்த அத்தியாயத்துலதான். இதைத் தூக்கச் சொல்றீங்களா?”

“அந்தப் பொண்ணு பத்திரமா இருக்கணும் இல்லையா?”

“அது அவங்க ஸ்கூல் பாக்க வேண்டியது. நாம கதைதான் போடுறோம். நீங்க மனசுல போட்டுக் குழப்பிக்காதீங்க.”

இதை நான் மனதில் போட்டுக்கொள்ளாமல் வேறு யார் போட்டுக்கொள்வார்கள்? அந்த வயதில் என் பின்னாலும் ஒருத்தன் வந்தான். சைக்கிளில் மூன்று மாதம் வந்தான். பயந்து பயந்து அக்காவிடம் சொன்னேன். மறுநாள் அக்கா என்கூட வந்தாள், தெரு முனையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள், அதோடு அவன் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. வீட்டில் ஒருவருக்குத் தெரிந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குள் அப்போதே பதிந்துவிட்டது. எல்லா வீட்டிலும் என் அக்கா இருப்பதில்லை என்று எனக்கு உறைக்கவே இல்லை.

வாசகர்களின் பதிவுத் தகவலை நாங்கள் பார்க்கலாம், எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. தெரிந்தால் வேலை போய்விடும். போனால் போகட்டும் என்று எடுத்தேன். ஒரு போன் எண் இருந்தது. அவளுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள் என்றுகூட யோசிக்காமல், மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் நின்றுகொண்டு அடித்தேன். ஓர் ஆண் எடுத்தார்.

“சொல்லுங்கம்மா, யாரு?”

அப்போதே வைத்திருக்க வேண்டும். தவறான எண் என்று ஒரு பொய் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் குரல் அவ்வளவு தன்மையாக இருந்தது.

“உங்க பொண்ணோட பேசணும்.”

“அவ ஸ்கூல்ல இருக்கா. இது என் நம்பர்தான்மா. சாயங்காலம் படிக்கிறதுக்கு என் போனத்தான் எடுப்பா. நான் அவ அப்பா. எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லலாம்.”

வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று அவள் எழுதியது ஞாபகம் இருந்தது. மறந்துபோய்ச் சொன்னேன் என்று சாக்குச் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் பயத்தில் அப்படித்தான் நினைக்கும், இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவர் அப்படிச் செய்வாரா என்று நானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன். மிட்டாய், நோட்டு, பையைப் பிடித்து இழுத்தது, கை தட்டியது எல்லாவற்றையும் சொன்னேன்.

“அவ மேல எந்தத் தப்பும் இல்ல சார். ஸ்கூல்ல போய்ப் பேசுங்க. அந்தப் பையனைக் கண்டிக்கச் சொல்லுங்க.”



“இதையெல்லாம் அவ எழுதினாளா? எல்லாரும் படிக்கிற இடத்துலயா?”

“பேர் போடல சார். அவதான்னு யாருக்கும் தெரியாது.”

“உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே.” அதே தன்மையான குரல். “ரொம்ப நன்றிம்மா. நல்ல நேரத்துல சொன்னீங்க. நாங்க பாத்துக்கறோம்.”

அன்று சாயங்காலம் நெஞ்சு லேசாக இருந்தது. அக்காவிடம் போனில் பெருமையாகச் சொன்னேன்கூட. அக்கா எல்லாம் கேட்டுவிட்டு, “அந்தப் புள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாமேடி” என்றாள். எனக்குக் கோபம் வந்து போனை வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை ஒற்றைப்பின்னலின் கணக்கை மூடச் சொல்லி அவள் அப்பாவிடமிருந்து ஒரு விண்ணப்பம் வந்திருந்தது. காரணம் கேட்கும் இடத்தில் நேரமில்லை, கதை பிடிக்கவில்லை என்பதையெல்லாம் விட்டுவிட்டு, ‘மற்றவை’ என்பதன் கீழே எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியிருந்தார்: “மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டோம். இனி இது தேவைப்படாது. தகவல் சொன்ன அம்மாவுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.”

அதற்கு முந்தைய நாள் அவள் எப்படியோ அந்தப் போனை எடுத்து ஒன்பதாவது அத்தியாயத்தின் கீழே ஒரு கருத்து எழுதியிருந்தாள். யாரும் இன்னும் பிரித்துப் போடாமல் வரிசையில் காத்திருந்தது.

“யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். என்னை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நாளைக்கும் அவன் பள்ளிக்கூடம் போவான்.”

நான்கு வரியையும் திரும்பத் திரும்பப் படித்தேன். விதியாவது ஒன்றாவது என்று அவளுக்கு எழுதிவிட நினைத்து, என் பெயரைப் போட்டு, நான்தான் சொன்னேன், என்னை மன்னித்துவிடு என்று அடித்தும்விட்டேன். அனுப்பவில்லை. அந்தப் போன் அப்பாவுடையது, இனி அவள் கையில் கொடுக்க மாட்டார். அனுப்பினால் அதையும் அவர்தான் படிப்பார், படித்துவிட்டு மறுபடியும் எனக்கு நன்றி சொல்வார்.