ஊசிக்குப் பயந்த துணை

"வெப்ப நாட்டுக்கா? கொசுவே உன்னைத் தூக்கிட்டுப் போயிடும்!" என்றார் அண்ணன். சாப்பாட்டு மேசையில் தங்கை விஷயத்தைச் சொல்லி ஒரு வாய் சோறு உள்ளே போகவில்லை, அதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது.

தங்கை குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளர். அங்கே எல்லாருக்கும் அவள் குளிரக்கா. பட்டாணி மூட்டைக்கும் மீன் பெட்டிக்கும் நடுவில், தடித்த கோட்டுக்குள் வேலை. வெளியே வந்தால் ஊரும் குளிர்தான். ஒழுங்காக ஒரு முறை வியர்த்துக்கூடப் பார்க்காத உடம்பு. வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கிற ஒரு நாட்டைப் பார்த்தே தீருவதென்று முடிவு கட்டிவிட்டாள். காரணமெல்லாம் கிடையாது. அண்ணன் சிநேகிதர்களோடு நாலு ஊர் சுற்றியபோது யார் காரணம் கேட்டார்கள்?

"கல்யாணம் ஆகாதவ. ஐம்பதை நெருங்குற. தனியா எப்படிப் போவ?"

"விமானத்துலதான் அண்ணா."

அண்ணி அவசரமாகத் தண்ணீர் குடித்தாள்.

"கிண்டலா? துணையில்லாம இந்த வீட்டுப் பொண்ணு வாசல் தாண்டினது கிடையாது. நானும் வர்றேன்."

தினமும் இருட்டு விலகுமுன் அதே வாசலைத் தாண்டி வேலைக்குப் போகிறவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். வந்து தொலையட்டும், பயணம் நடந்தால் சரி.

மழை ஓய்கிற மாதமாகப் பார்த்து டிக்கெட் எடுத்தாள். கடைசி நேரத்தில் மலிவாகக் கிடைக்கும் என்று அண்ணன் எடுக்கவில்லை. முழுக்கை வைத்த மெல்லிய பருத்திச் சட்டைகள், கொசுக் களிம்பு, உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள், குடை என்று பெட்டி நிறைந்தது. பழக்க தோஷம், கை தன்பாட்டில் கம்பளிக் காலுறையையும் உள்ளே வைத்தது. அண்ணி எடுத்து வெளியே போட்டாள். மறுநாள் கை மறுபடி வைத்தது.

வெயிலுக்குப் பழக ஊரில் வெயில் இல்லையே. கிடங்குக்குப் பக்கத்தில் ஒரு சலவைக்கூடம். நீராவி இஸ்திரி போடும் அறையில் மதிய இடைவேளைதோறும் போய் உட்கார்ந்தாள். முதல் நாள் தக்காளி மாதிரிச் சிவந்து வந்தாள். "அக்கா இன்னும் வேகல, நாளைக்கு வாங்க" என்று அங்கிருந்தவர்கள் கலாட்டா செய்தார்கள். ரெண்டாவது வாரம் சாப்பாட்டையே அங்கே எடுத்துப்போய்ச் சாப்பிட்டாள்.

அண்ணன் செய்த ஏற்பாடு ஒன்றே ஒன்று. தங்கையை வெளிநாடு கூட்டிப்போவதாகத் தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தார்.

அந்த நாட்டுக்குள் விட வேண்டுமானால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். அதுவும் கிளம்புவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்னால். அண்ணனுக்கு ஒரு நாள் தும்மல், ஒரு நாள் தலைவலி, ஒரு நாள் வெறும் சனிக்கிழமை.

"நீ காத்திருக்காதே. ஊசின்னா உங்க அண்ணனுக்கு உயிர் போயிடும். போன தடவை நர்ஸைப் பார்த்ததுமே சாஞ்சுட்டார்" என்றாள் அண்ணி.

இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். தங்கைக்குப் போட்டு முடித்ததும், "எனக்கும் போட்டுடுங்க" என்று அண்ணி கையை நீட்டினாள். டாக்டர் அவளையும் பார்த்துவிட்டுப் போடச் சொன்னார். "எதுக்கு அண்ணி?" என்றதற்கு, "சும்மா" என்றாள். இருவருக்கும் மூன்று நாள் கை வலித்தது.

கெடு தாண்டிய மறுநாள் சாப்பாட்டு மேசையில் அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "எனக்கு உடம்பு சரியில்ல. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

"உங்களைத்தான் அண்ணா உள்ள விடமாட்டாங்க. என்னை விடுவாங்க."

"என் பேச்சை மீறிப் போனா அப்படியே போயிடு. திரும்பி இந்த வீட்டுக்கு வராதே!"

அவள் பிறந்து வளர்ந்த வீடு. பயமாகத்தான் இருந்தது, ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. "சரி. கிடங்குக்குப் பின்னால ரூம் வாடகைக்கு விடறாங்க. வந்ததும் அங்க இறங்கிக்கறேன். பயணத்தை நிறுத்தமாட்டேன்."

"தனியாப் போனா தெருவுல என்ன பேசுவாங்க?" என்றார் அண்ணன், சுருதி இறங்கி.

"நானும் போறேன்" என்றாள் அண்ணி, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "நீங்க கூட்டிட்டுப் போறேன்னு எடுத்துக் கொடுத்த பாஸ்போர்ட் என்கிட்ட சும்மாதான் கிடக்கு. இன்னும் ஒரு முத்திரை விழல. காலையில டிக்கெட் எடுக்கறேன்."

அண்ணன் முகத்தில் ஒரு நிம்மதி. "அப்ப சரி. அவளுக்குத் துணையா நீ போய்ட்டு வா."

தங்கைக்குச் சுருக்கென்றது. கடைசியில் மறுபடியும் துணையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாரே. "அண்ணி, எனக்குத் துணைன்னு வர்றதா இருந்தா வராதீங்க. உங்களுக்குப் பார்க்கணும்னா மட்டும் வாங்க."

அண்ணி நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். "துணையா இருந்து இருந்துதான் எனக்கு இந்த வயசாச்சு. நான் எனக்காகப் போறேன்."