கண் வைக்காத அங்கம்மா

என் மனைவி அங்கம்மா செத்துப்போனபோது அவளுடைய படம் ஏறக்குறைய முடிந்திருந்தது. மிச்சம் இருந்தது கண்கள் மட்டும்தான். ஓவியம் தெரிந்தவர்கள் 'கண்கள் மட்டும்தான்' என்று சொல்லமாட்டார்கள். அது என்னைப்போல யாரிடமும் படிக்காமல் வரைய வந்தவனின் பேச்சு.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு கராஜில் லொறிகளுக்குப் பெயின்ற் அடிப்பவன் நான். பின்பலகையில் மயில், சூரிய உதயம், முதலாளியின் பிள்ளைகளின் பெயர் எல்லாம் எழுதுவேன். என் பெயர் கறுப்பையா. வர்ணத்தில் பிழைக்கப்போகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமாக எங்கப்பா யோசித்திருக்க முடியாது. எண்ணெய் வர்ண ஓவியம் நானாகப் பழகியது. ஆசிரியர் இல்லாததால் திட்ட ஆளில்லை என்று ஒரு நிம்மதி இருந்தது. அந்த இடத்தை அங்கம்மா நிரப்பிக்கொண்டாள்.

கித்தானுக்குப் பதிலாகக் கோதுமை மாச்சாக்கைத் துவைத்து, தேயிலைப் பெட்டிச் சட்டத்தில் இழுத்து ஆணியடித்து, பசையும் சோக்குத் தூளும் பூசுவேன். கண்டிக்குப் போகும்போதெல்லாம் ஒரு ட்யூப் வர்ணம் வாங்குவேன். மழைக்காலத்தில் இங்கே எண்ணெய் வர்ணம் காய்வது, அரசாங்கக் கந்தோரில் நம்முடைய காரியம் நடப்பது மாதிரி. இன்று போய்த் தொட்டுப் பார்த்தாலும் நாளைக்கு வா என்றுதான் சொல்லும். அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தால் கருவாடு பொரித்த புகை முகத்தில் ஏறிவிடும்.

அவளுடைய கன்னத்து நிறம் எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை. மண்ணிறத்தோடு மஞ்சளைக் கலந்தால் அலுமாரிக்குப் பூசியது போல இருந்தது. ஒருநாள் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. கீழே மகாவலி கலங்கி ஓடியது. மூங்கில் நிழல் விழுந்த இடத்தில் அந்தக் கலங்கலுக்குள்ளே ஒரு பச்சை இருந்தது. வீட்டுக்கு வந்து கைகூடக் கழுவாமல் கன்ன எலும்புக்குக் கீழே பச்சையைத் தொட்டு வைத்தேன். பலகை போய்த் தோல் வந்தது.

அங்கம்மா எட்டிப் பார்த்தாள். "நல்லாருக்குங்க. கறுப்பையா பொண்டாட்டிக்குப் பாசி புடிச்சிருச்சின்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வாங்க."

கண்களை நான் கடைசிக்கு வைத்திருந்தேன். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் அம்மனுக்குப் புதுச் சிலை வைத்தபோது பார்த்தது அது. எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் ஸ்தபதி கண்ணைத் திறந்தார். அதுவரைக்கும் அது கல். திறந்த நிமிஷம் எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். நான் அதை என் சட்டமாக்கிக்கொண்டேன். கண் வைத்துவிட்டால் ஆள் வந்துவிட்டார். அதற்குப் பிறகு மூக்கை இழுத்துத் திருத்துவது மரியாதையில்லை. தானாகப் பழகியவனுக்கு ஒரு வசதி, விதியையும் தானே போட்டுக்கொள்ளலாம்.

அங்கம்மாவுக்கு இந்தச் சட்டம் பிடிக்கவில்லை.

"லொறிக்கெல்லாம் ரெண்டு லைட்டு போட்டு அனுப்புறீங்க. கட்டுனவ மட்டும் குருடியா நிக்கணுமா?"

"முகம் காயட்டும் புள்ள."

"அது காயறதுக்குள்ள நான் கெழவியாயிருவேன். அப்புறம் கண்ணுக்குக் கண்ணாடியும் சேத்துப் போடுங்க."

இதைச் சொல்லும்போது சிரித்தாள். அவளுக்கு வலது கண் முதலில் சிரிக்கும். இடது கண் என்ன விஷயம் என்று விசாரித்துவிட்டுப் பிறகு வந்து சேரும். அதைத்தான் நான் பிடிக்க நினைத்தேன். ஈரத்தின்மேல் வைத்தால் கலங்கிவிடும் என்று காத்திருந்தேன்.

காய்ச்சல் என்று படுத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மழை விடுவதற்குள் முடிந்துவிட்டது.

மடுல்கெல்லயிலிருந்து அவளுடைய தம்பி அழகர் வந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டான். ஒருநாள் படத்தின் முன்னால் நின்று, பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டான்.

"மச்சான், கருமாதிக்கு சனம் வரும். எதப் பாத்துக் கும்புடுவாங்க? இந்தக் கண்ண மட்டும் வச்சிருங்களேன்."

"வச்சிர்றேன்."

ஏதோ கதவுக்குத் தாழ்ப்பாள் வைப்பதுபோல நானும் சொல்லிவிட்டேன். உட்கார்ந்தேன். கண்ணை மூடினால் பெட்டிக்குள் கிடந்த முகம் வந்தது, மூடிய இமைகளோடு. அதற்கு முந்தியதைத் தேடினேன். சிரிப்புச் சத்தம் கேட்டது, கண் வரவில்லை. வைத்தேன், மாட்டின் கண் மாதிரி இருந்தது. சுரண்டினேன். மறுபடி வைத்தேன், அம்மன் கண், கலண்டர்க்காரனுடையது. அதையும் சுரண்டினேன். சுரண்டச் சுரண்டக் கன்னத்துப் பச்சையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தியோடு வந்தது.

மகள் லீலாவை முன்னால் உட்கார வைத்தேன். பாவம், அவளுக்கு என் முழி.

"அம்மா கண்ணு எப்படிம்மா இருக்கும்?"

"சாதாரணமாத்தான்பா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். நான் எழுந்து பிரஷ் கழுவப் போனேன்.

கலியாணப் படத்தில் அங்கம்மா பெண்ணுக்குரிய லட்சணமாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மிச்சம் ஒரேயொரு சின்னப் படம், பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட எடுத்தது. எங்கே இந்தியாவுக்குக் கப்பலேற்றி விடுவார்களோ என்று பயந்து முழித்த முழி. அது அங்கம்மாவின் கண்ணில்லை. அரசாங்கத்தைப் பார்க்கிற கண்.

அழகர் அந்தப் படத்தைத்தான் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோ ஹலீமிடம் போனான். நானும் கூடப் போனேன். ஹலீம் நல்ல மனுஷன். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கவலப்படாதீங்க கறுப்பையா, ஒங்கட பொஞ்சாதி படம் ஏன்ட பொறுப்பு. கண்ணுதான் கொஞ்சம் பயந்து போய் ஈக்கி. அத நான் சரியாக்கித் தாரேன்."

சரியாக்கித் தந்தார். பெரிதாக்கி, வர்ணம் தீட்டி, சட்டம் போட்டு. கழுத்தில் அவள் வாழ்நாளில் கண்டிராத அட்டியல். கண்கள் இரண்டும் ஒரே அளவில், ஒரே உயரத்தில், ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னிக்கொண்டு. சுத்தமான வேலை. தொழில் தெரிந்தவனுக்குக் கை நடுங்காது.

கருமாதிக்கு வந்தவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று அழுதார்கள். "அப்படியே உசுரோட பாக்குறாளே" என்றார்கள். கராஜ் முதலாளி என் தோளைத் தட்டி, "நீ வரைஞ்சதா கறுப்பையா? கெட்டிக்காரன்" என்றார். சோறு போடச் சொல்லிவிட்டு உள்ளே போய் என் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

எல்லோரும் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்கார்ந்தேன். வெயில் அடித்தது, முகம் நன்றாகக் காய்ந்திருந்தது. கண்ணை மூடினேன். உடனே வந்தாள். அவ்வளவு நாள் வராதவள் கூப்பிட்டதும் வந்தாளே என்று சந்தோஷத்தில் பிரஷ்ஷை எடுத்தேன். கை தானாக ஓடியது. இமை, கருமணி, ஓரத்து நிழல், ஒன்றையும் அழிக்க வேண்டியிருக்கவில்லை. கடைசியாக வெள்ளையைத் தொட்டுப் புள்ளி வைக்கப் போனபோதுதான் புரிந்தது, நான் யாருடைய கையால் வரைந்துகொண்டிருக்கிறேன் என்று.

திரும்பவும் கண்ணை மூடிப் பார்த்தேன். இறுக்கி மூடினேன். பக்கத்து வீட்டு ரேடியோவும் ஹலீமின் அங்கம்மாவும்தான். அந்த அங்கம்மாவுக்குப் பின்னால் வேறு யாரும் நிற்கவில்லை.

சுரண்டக் கத்தியை எடுத்தேன். சுரண்டிவிட்டு எதை வைப்பது? புள்ளியையும் வைத்தேன்.

லீலா தேத்தண்ணி கொண்டுவந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா! இப்பதான்பா அம்மா மாதிரியே இருக்கு."

"ம்."

"என்னையே பாக்குறாங்கப்பா."

கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு அவள் படத்தின் முன்னால் போய் நின்றாள். இவ்வளவு நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அதைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை. படத்திலிருந்த பெண் என்னையும் பார்த்தாள். நான் வேலைக்காகக் கழற்றி வைத்திருந்த சட்டையை எடுத்து மாட்டி, வீட்டுக்கு யாரோ வந்திருப்பதுபோலப் பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டேன்.