கடலை அடைத்த கட்டைவிரல்

மான்டோ தீவின் மருத்துவச்சி அபெலோனின் மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும். கடல் ஏறும்போது கார்புரேட்டரில் மட்டம் உயர்ந்து, மிகுதி கீழ்க் குழாய் வழியே சொட்டும், வற்றும்போது நின்றுவிடும். டென்மார்க் கரைக்கும் தீவுக்கும் நடுவில், கடல் வற்றினால் மட்டும் தலைகாட்டும் பாதைக்கு அதைவிட நல்ல காவல் கிடையாது. குழாய் சொட்டினால் யாரும் பாதையில் இறங்கமாட்டார்கள். இதில் அதிசயப்பட ஊரில் யாருக்கும் நேரமில்லை, ஆடுகளைப் பார்க்கவே பொழுது சரியாக இருந்தது.

ஒரு மதியம் அவள் கரையில் ஒரு பிரசவத்தை முடித்துக் கைகழுவும்போது, தீவில் மகள் இங்கருக்கு வலி கண்டுவிட்டதாகத் தொலைபேசி வந்தது. இங்கரின் முதல் பிள்ளை மூச்சே விடாமல் போய்விட்டது. அன்றும் அபெலோன் இக்கரையில்தான் மாட்டிக்கொண்டிருந்தாள், அதை நினைக்காத நாளில்லை. ஓடிவந்து வண்டியை எடுத்தாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

“அக்கா, கடல் ஏறுது. இப்பப் போய் மீனுக்கா பிரசவம் பார்க்கப் போறீங்க?” என்றான் பட்டறைக்கார லௌரிட்ஸ்.

“சொட்டினாத்தானே ஏறும்? அடைச்சிட்டுப் போறேன், நகரு.”

பதற்றத்தில் அவள் இழுத்துக் கட்டைவிரலால் அடைத்தது பக்கத்துக் குழாயை, கார்புரேட்டர் காற்று வாங்கும் குழாயை. சொட்டு நின்றது. கடலும் பாதையின் இருபுறமும் அப்படியே நின்றது. ஆனால் காற்று போகாமல் பெட்ரோலும் இறங்கவில்லை. பாதி வழியில் இன்ஜின் அணைந்தது. விரலை எடுத்தால் வண்டி ஓடும், கடலும் வரும். எடுக்காமலே தீவு வரை தள்ளிக்கொண்டு போனாள்.

வாசலில் நின்ற மருமகன் எஸ்பெனின் விரலால் அடைக்கவைத்து, குழாயை அவனிடம் கொடுத்தாள். “தீவைச் சுத்தின கடலணைக்கு வெளியே ஆடுங்க மேயுது. எல்லாம் உள்ளே வர்ற வரைக்கும் விட்டுடாதே.”

பெண் குழந்தை பிறந்தது, நீலமாக, மூச்சில்லாமல். தட்டினாள், வாயில் ஊதினாள், தலைகீழாகப் பிடித்தாள். இங்கர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் அபெலோனுக்கு உறைத்தது, அடைத்திருப்பது காற்றுக் குழாயை. ஜன்னலைத் திறந்து கத்தினாள்.

“எஸ்பென், விரலை எடுடா!”

“ரெண்டு ஆடு இன்னும் வெளியில நிக்குதே அத்தை!”

“ஆடு கிடக்குது, எடுடா!”

எடுத்தான். குழாய் நீளமாகக் காற்றை இழுத்தது. நிறுத்திவைத்த கடலெல்லாம் அணை வரை வந்து மோதியது. குழந்தை அழுதாள்.

ஆடுகள் இரண்டும் போயின. அவற்றின் சொந்தக்காரர் மறுநாள் பாலாடைக்கட்டியோடு வந்து அபெலோனின் பேத்தியைப் பார்த்தார். ஆட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. இப்போதெல்லாம் அந்தத் தீவில் யாருக்காவது வலி கண்டால், வீட்டு ஆண்களில் ஒருவர் வெளியே போய், வண்டியின் காற்றுக் குழாய் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார்.