அஞ்சடி ஆறங்குலம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லைனிலிருந்து வந்த வீரராகவன் கால்கூடக் கழுவாமல் எஞ்சினுக்கு முன்னால் குந்தினான். சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு குணசுந்தரி பின்னால் நின்றாள். மூன்று மாத வேலை அன்று காலையில்தான் முடிந்திருந்தது. பலகை மேல் ஓரடி நீளத்துக்குக் கறுப்பு எஞ்சின், அதன் குண்டு மூக்கில் வெள்ளி நட்சத்திரம், பின்னால் காவிச் சிவப்பில் இரண்டு மூன்றாம் வகுப்புப் பெட்டிகள். ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஃபியூஸ் கம்பியை வெட்டிக் குறுக்குக் கம்பி போட்டிருந்தாள். புருஷன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வரட்டும், அப்புறம் சோறு போடலாம் என்றிருந்தாள். அதில் அவளுக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

வீரராகவன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து எஞ்சினின் சக்கரங்களுக்கு இடையே வைத்துப் பார்த்தான். தலையைச் சாய்த்து இன்னொரு முறை பார்த்தான்.

"இன்னாமே இது, மீட்டர் கேஜ் வண்டியா?"

"கண்ணு அவிஞ்சி போச்சா உனுக்கு? மூக்குல நட்சத்திரம் தெரியல? தெனம் நம்மூர்ல நின்னு தண்ணி புடிச்சிக்கினு போற வண்டி."

"ஒடம்பு நம்மூர் ஒடம்புதான், நான் இல்லன்னா சொன்னேன்? காலு நம்மூர் காலு இல்ல. ரெண்டு காலும் ஒட்டிக்கினு நிக்கிது பாரு."

தட்டு தரையில் விழுந்த சத்தம் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கக் கேட்டிருக்கும். வீரராகவன் தானே சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனான். அவன் திருவள்ளூர் செக்‌ஷனில் கீமேன். தினமும் காலையில் தண்டவாளத்தின் மேலேயே நடந்து, தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் இரும்புச் சாவிகளில் கழன்றவற்றை அடித்து இறுக்கி, இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே அஞ்சடி ஆறங்குலம் சரியாக இருக்கிறதா என்று அளவுச் சட்டத்தைப் போட்டுப் பார்க்கிற உத்தியோகம். பதினாறு வருஷமாக அதுதான் வேலை. குழம்பில் உப்பு குறைந்தால் மற்றவர்களுக்கு நாக்கு சொல்வதுபோல, தண்டவாளம் கால் அங்குலம் விலகினால் அவனுக்குக் கண் சொல்லிவிடும். இது குணசுந்தரிக்கும் தெரியும். அதனால்தான் அத்தனை கோபம் வந்தது.

அவன் குறட்டை கேட்டதும் அளவுகோலை எடுத்தாள். சக்கரமும் மோட்டாரும் வந்த சீமைப் பெட்டியில் இருந்த காகிதத்தில், நிஜத்தில் ஓரடி என்றால் பொம்மையில் நாலு மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. அப்படிப் பார்த்தால் அஞ்சடி ஆறங்குலத்துக்கு இருபத்திரண்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இருந்ததோ பதினாறரை. காலண்டர் தாளின் பின்பக்கம் மூன்று தடவை கணக்குப் போட்டாள். மூன்று தடவையும் நாலடி ஒன்றரை அங்குலம்தான் வந்தது. ஒன்றேகால் அடிக்கும் மேலே குறைகிறது! கூரை மேல் தண்ணீர்த் தொட்டி எத்தனை, படிக்கட்டு எத்தனை, ஜன்னலுக்கு எத்தனை கம்பி என்று பிளாட்பாரத்தில் நின்று எண்ணி எண்ணிச் செய்தவள், குனிந்து கீழே பார்க்காமல் விட்டிருக்கிறாள். ஒரு கீமேன் பெண்டாட்டி!

இந்த வேலை அவளிடம் வந்த கதை சின்னதுதான். திருநின்றவூரைத் தாண்டி ரேடியோ உறுப்புகள் செய்யும் ஃபாக்டரி ஒன்றில் ஈயத்தை உருக்கி ஒயர்களை ஒட்டி சால்டர் வைக்கிறவள் அவள். அங்கே மேனேஜர் துளசிராமனுக்கு ரயில் பொம்மைப் பைத்தியம். சீமையிலிருந்து வரவழைத்த பெட்டிகள் இரண்டு அவரிடம் இருந்தன. பிரித்தால் உள்ளே வார்ப்புத் துண்டுகள், சக்கரம், மோட்டார், ஒரு காகிதம். அவருக்கோ கை நடுங்கும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தார். "உன் கைதான்மா ஃபாக்டரியிலேயே சுத்தமான கை" என்றார். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. அந்தக் குளிர்ச்சியில், ரேடியோ ஒயருக்கு வைக்கிற சூட்டிலேயே எஞ்சினின் புகைபோக்கிக்கும் காய்ச்சிய சால்டர் கம்பியை வைத்தாள். ஈயம் கலந்த வார்ப்பு, வெண்ணெய் மாதிரி உருகிப் பலகையில் ஓடிவிட்டது. பேனா மூடி ஒன்றை வெட்டித் தேய்த்து வேறு புகைபோக்கி செய்து வைத்தாள். எது உருகியது என்று துளசிராமனுக்கு இன்றுவரை தெரியாது. கூலி எவ்வளவு என்று அவர் கேட்டபோது, "அந்த ரெண்டாவது பொட்டியக் குடுங்க சார், போதும்" என்றாள்.

அந்த இரண்டாவது பெட்டிதான் இது. சீமை எஞ்சினை அவள் செய்யவில்லை. சக்கரத்தையும் மோட்டாரையும் மட்டும் எடுத்துக்கொண்டு, பால் மாவு டின்னை வெட்டிப் பாய்லர் சுருட்டினாள். தன் கல்யாணத்துக்கு வந்த குங்குமச் சிமிழின் பித்தளை மூடி குண்டு மூக்கானது. பாதி வேலையில் பார்த்த துளசிராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பொங்கல் லீவில் மெட்ராஸில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் அவரும் அவருடைய சிநேகிதர்களும் மூன்று நாள் ரயில் பொம்மைக் காட்சி நடத்துவார்கள். பெரிய மேஜை மேல் தண்டவாளம் வளைந்து வளைந்து போகும். அதில் இவள் வண்டியும் ஓடும், பக்கத்தில் இவள் பெயர் எழுதிய அட்டை இருக்கும் என்று சொல்லியிருந்தார். குணசுந்தரி அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த அட்டையைத் தினமும் மனசுக்குள் ஒருமுறை படித்துப் பார்த்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை விஷயத்தைச் சொன்னதும் துளசிராமன் சிரித்தார்.

"அது எங்களுக்கும் தெரியும்மா. மேஜையில போட்டிருக்கிற தண்டவாளமே அந்த அளவுதான். யார் வந்து அளந்து பார்க்கப் போறாங்க?"

"எனுக்குத் தெரிஞ்சிபோச்சே சார்."

"நீ அகலப்படுத்தினா எங்க மேஜையில ஓடாது. ஓடாத வண்டியைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளதான் வைக்க முடியும். யோசிச்சுக்கோ."

"ஓட்றதுக்குப் பண்ண வண்டி சார் அது. நிக்க வெக்கவா பண்ணேன்?"

இப்படியே விட்டால் மூன்று நாளும் ஊரே பார்க்க ஓடலாம். சரியாகச் செய்தால் கண்ணாடிக்குள் நிற்கலாம். இரண்டில் ஒன்று என்று உலகம் சொன்னால் புத்திசாலிகள் ஒன்றை எடுத்துக்கொண்டு போவார்கள். குணசுந்தரிக்கு இரண்டும் வேண்டும். இந்த மாதிரி மனுஷிகளோடு குடும்பம் நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கி நேராக வீட்டுக்கு வந்து, புருஷன் முன்னால் பையை வைத்தாள்.

"வாய வெச்சவன் நீதானே? ரோடு நீ போடு."

லைனில் வேலை செய்கிறவர்கள் தண்டவாளத்தை ரோடு என்றுதான் சொல்வார்கள்.

"இன்னா ரோடு?"

"இவங்க மேஜையே வேணாம். நம்ம வண்டிக்கு நம்ம ரோடு. கீமேன் நீயா நானா?"

வீரராகவன் காதைச் சொறிந்தான். "எத்தினி அடி?"

"பன்னெண்டு."

சிரித்துவிட்டான். சிரித்தவன் மறுநாளே மூங்கில் பிளாச்சு வாங்கிவந்து ஸ்லீப்பர் கட்டைகள் வெட்ட உட்கார்ந்துவிட்டான். ஆறடிப் பலகை இரண்டு. ஃபாக்டரியில் கழித்துப்போட்ட பித்தளைப் பட்டைதான் தண்டவாளம்; கட்டைகளில் அடித்த பித்தளை ஆணிகளோடு அதை அவள் சால்டர் வைத்தாள். பித்தளையிலேயே இருபத்திரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு குட்டி அளவுச் சட்டம் ராவி எடுத்து, ஒவ்வொரு கட்டைக்கும் அதைப் போட்டுப் பார்த்தான். ஒரு மயிரிழை கூடினாலும் பிடுங்கச் சொன்னான். அவள் சால்டரை உருக்கிப் பிடுங்கினாள். "சர்க்கார் ரோட்டுக்கே நீ இத்தினி பாக்க மாட்டியே" என்றாள். "அது சர்க்கார்து" என்றான்.

ரோடு வளர்ந்தது. வண்டிதான் பேஜார் பண்ணியது. சக்கரங்களை அச்சிலிருந்து கழற்றாதே என்று காகிதத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படித்த குணசுந்தரி அதை எழுத்துக்கூட்டாமல் படித்துவிட்டுத்தான் கழற்றினாள். நீளமான அச்சுகளைப் போட்டு, இரண்டு பக்கமும் சக்கரங்களை ஒரே நேராக வைத்து, அவற்றைச் சேர்த்து ஓட்டும் ராடுகளை மாட்டினாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதுதானே நியாயம்? மோட்டாருக்குக் கரண்டு கொடுத்தால் எஞ்சின் அரைச் சுற்று ஓடும், விக்கிக்கொண்டு நின்றுவிடும். தள்ளிவிட்டால் மறுபடி அரைச் சுற்று. காட்சிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. ராடை ராவிப் பார்த்தாள், எண்ணெய் விட்டுப் பார்த்தாள், ஒருநாள் உட்கார்ந்து அழுதும் பார்த்தாள். பேசாமல் பழைய அச்சையே போட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"பெருசு எப்டி ஓடுது?" என்று கேட்டான் வீரராகவன்.

"நீதான் தெனம் பாக்கற. நீ சொல்லு."

"நான் ரோடுதானே பாக்கறேன். எஞ்சின எங்க பாக்கறேன்?"

மறுநாள் காலை ஏழு மணி பாசஞ்சர் தண்ணீர் பிடிக்க நின்றபோது, பிளாட்பாரம் முடிகிற இடத்தில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் நின்றார்கள். அவள் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம், நடுவில் ஆளுயரச் சக்கரங்களோடு எஞ்சின். சக்கரங்களின் சந்து வழியே அவனுடைய முழங்கால் மட்டும் தெரிந்தது. நீராவிச் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

"யோவ்! உன் பக்கம் ராடு எங்க கீது?"

"கீழ கீது! உன் பக்கம்?"

"முன்னாடி!"

மேலேயிருந்து டிரைவர் ஆசீர்வாதம் எட்டிப் பார்த்தார். "இன்னாப்பா கீமேன், சம்சாரத்த இட்டாந்து எஞ்சின் செக்கிங்கா?"

"மெதுவா எடு அண்ணே, கூடவே வரோம்" என்றான் வீரராகவன்.

என்ன ஏது என்று புரியாவிட்டாலும் ஆசீர்வாதம் மெதுவாகவே எடுத்தார். இரண்டு பக்கமும் இரண்டு பேரும் சரளைக் கல்லில் தடுக்கிக்கொண்டு கூடவே ஓடினார்கள். இவள் பக்கம் கீழே வந்தபோது அவன் "பின்னாடி!" என்று கத்தினான். இவள் பக்கம் பின்னால் போனபோது "மேல!" என்று சத்தம் வந்தது. ஒரு பக்கம் எப்போதும் மற்ற பக்கத்துக்குக் கால் சுற்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஒரு பக்கம் திணறுகிற இடத்தில் மறுபக்கம் இழுத்துக்கொடுக்கிறது. வண்டி போய்விட்டது. புகைக்கு நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற குணசுந்தரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றைக்கு ஃபாக்டரி ரயிலை விட்டுவிட்டு அடுத்த வண்டியில்தான் போனாள். ராத்திரியே பொம்மை எஞ்சினில் ஒரு பக்கத்துச் சக்கரங்களைக் கால் சுற்று திருப்பி மாட்டினாள்.

காட்சியன்று இரண்டு பலகைகளையும் கயிற்றால் கட்டி, ரயில் கார்டைக் கெஞ்சி அவருடைய பிரேக் வேனில் ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போனார்கள். ஹால் வாசலில் நின்ற துளசிராமன் பலகைகளைப் பார்த்ததும் முகம் மாறினார்.

"உள்ள ஒரு முழம் இடம்கூட இல்லையேம்மா. எல்லாம் முன்னாடியே பிரிச்சுக் குடுத்தாச்சு."

"வராண்டா போதும் சார்."

"கரண்டுக்கு?"

பையைத் திறந்து காட்டினாள். எட்டு டார்ச் பேட்டரிகளை மூங்கில் குழாயில் அடுக்கி ஒயர் இழுத்திருந்தாள்.

அவர் அவளை உள்ளே கூட்டிப்போனார். ஓரத்தில் கண்ணாடிப் பெட்டி ஒன்று காலியாக இருந்தது. அதற்குள் வெள்ளை அட்டையில், சிவப்பு மையில், குண்டு குண்டான எழுத்தில் அவள் பெயர். "உனக்காகத்தான் ஒதுக்கி வெச்சிருக்கேன். இதுக்குள்ள வெச்சா எல்லார் கண்ணுலயும் படும். வராண்டாவுல யாரு நின்னு பார்ப்பா?" என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். குணசுந்தரி அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் பெயரை இவ்வளவு அழகாக யாரும் எழுதியதில்லை. அவளுக்கு அது வேண்டும் என்றிருந்தது.

"அந்த அட்டைய வெளிய எடுத்தாந்து குடுங்க சார்" என்று சொல்லிவிட்டு வராண்டாவுக்கு வந்துவிட்டாள்.

வீரராகவன் அதற்குள் பலகைகளைச் சேர்த்துப் போட்டிருந்தான். சிமெண்டுத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, ஒரு கண்ணை மூடி, தண்டவாளத்தின் ஓட்டத்தைப் பார்த்தான். சேருகிற இடத்தில் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. வரும்போது எடுத்த ரயில் டிக்கெட்டை மடித்துக் கீழே செருகினான். மறுபடி படுத்துப் பார்த்தான். செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஹாலுக்குள் போய்க்கொண்டிருந்தவர்களில் ஒரு குடும்பம் நின்றது. அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் நின்றார்கள். கதவருகே துளசிராமன் வந்து நின்றார். அவர் கையில் அட்டை இருந்ததா என்று பார்க்க அவளுக்கு நேரமில்லை.

எஞ்சினை இரண்டு கையாலும் இறக்கி வைத்தாள். பெட்டிகளை மாட்டினாள். ஒயரைத் தொட்டாள்.

வண்டி கிளம்பியது. ராடுகள் ஒன்றை ஒன்று விட்டுக்கொடுத்து ஏறி இறங்கின. அகலமான கால்களில் உடம்பு ஆடாமல் உட்கார்ந்திருந்தது. முதல் பலகை முடியும் இடம் வந்தது; குணசுந்தரி குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள். டக் என்று ஒரு சின்னச் சத்தம், எஞ்சின் அந்தப் பக்கம் போய்விட்டது. முதல் பெட்டியும் டக் என்றது. நிமிர்ந்து புருஷனைத் தேடினாள்.

அவன் ரோட்டை விட்டு இரண்டு எட்டு விலகி, சுவரோரம் ஒதுங்கி நின்றிருந்தான். அவிழ்ந்திருந்த சட்டைப் பொத்தான்களைப் போட்டிருந்தான். வண்டியைப் பார்க்க முகத்தைத் திருப்பி, லைனில் வண்டி தாண்டிப் போகும்போது எல்லாம் சரி என்று கீமேன் காட்டுவதுபோல வலது கையை நேராக நீட்டி அசையாமல் பிடித்திருந்தான். கண் மட்டும் கீழே, ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்துக்கொண்டு வந்தது. கடைசிப் பெட்டி இன்னும் அவனைத் தாண்டவில்லை.