பிடிக்காத கூரைக் கட்டை

அந்த ஆலையில் மோல்டு மாஸ்டருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் கட்டைப் பிரம்மச்சாரி. நாற்பதைத் தாண்டியும் கல்யாணமாகாதவரை ஊரே அப்படித்தான் சொல்லும் என்றாலும், இவருக்கு அது ரெட்டிப்புப் பொருத்தம். ஆலையில் செய்வதே குழந்தைகள் அடுக்கி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகள். அவற்றை வார்க்கிற இரும்பு அச்சுகளைச் செதுக்கித் தேய்ப்பதுதான் மாஸ்டரின் வேலை.

இந்தக் கட்டையை லேசாக நினைத்துவிடக் கூடாது. ஆதியில் இதற்கு உள்ளே வெறும் குழிதான். அடுக்கினால் நிற்கும், பக்கத்தில் யாராவது தும்மினால் சரியும். அப்புறம் ஒரு புண்ணியவான் உள்ளே சின்னக் குழாய்களை வைத்தார். மேலே இருக்கும் குமிழும் உள்ளே இருக்கும் குழாயும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டன. அவ்வளவுதான், குழந்தைகளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பெரியவர்கள் மட்டும் என்ன வாழ்ந்ததாம்? ஆலை வாசலில் இருக்கும் கடைக்கு வாராவாரம் ஒரு வங்கி மேலாளர் வந்து, "தம்பி பையனுக்கு" என்று ஒரு பெட்டி வாங்கிப் போவார். அவருக்குத் தம்பியே கிடையாது என்பது கடைக்காரருக்குத் தெரியும். வாயைத் திறக்க மாட்டார், வியாபாரம் ஆயிற்றே.

இப்படிச் சக்கைப்போடு போட்டதில் முதலாளி வேறோர் ஊரில் புது ஆலை கட்டிவிட்டார். அங்கே போய்ப் பொறுப்பெடுத்துக்கொள்ள முடியுமா என்று மாஸ்டரைக் கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மாஸ்டருக்குப் போக மனசே இல்லை. காரணம் செக்கிங் மேடம்.

புதிதாக எந்தக் கட்டை வார்த்தாலும் முதலில் மேடத்தின் மேசைக்குத்தான் போகும். இன்னொரு கட்டைமேல் வைத்து அழுத்துவார், இழுப்பார். கவ்வினால் "பிடிக்குது", கவ்வாவிட்டால் "பிடிக்கல". அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. ஒருமுறை கல்யாணமாகி, போதுமடா சாமி என்று வெளியே வந்தவர் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். தேநீர் இடைவேளையில் மாஸ்டருக்கு எதிரே உட்காருவார். மாஸ்டர் அடிக்கும் அசட்டு ஜோக்குக்கெல்லாம் உதட்டோரமாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில்தான் மனுஷன் கவிழ்ந்தார்.

வீட்டில் அக்கா நச்சரித்துக்கொண்டே இருந்தாள். "வாயைத் திறந்து கேட்டாத்தானேடா தெரியும்? இந்தக் கட்டை இருக்கும்போதே உனக்கு ஒரு நல்லது நடந்தா நான் நிம்மதியா இருப்பேன்."

வீட்டிலும் கட்டைதான் என்று நொந்துகொண்டு, திங்கட்கிழமை காலை மாஸ்டர் துணிந்துவிட்டார். வெறுங்கையோடு போய் நிற்க வெட்கமாக இருந்தது. புதிதாக வார்த்த கூரைக் கட்டை ஒன்றை ஒரு சாக்குக்கு எடுத்துக்கொண்டார். பொம்மை வீட்டின் உச்சியில் வைக்கிற சரிவான கட்டை அது. மேடத்தின் முன்னால் போய் நின்றதும் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. கட்டையை நீட்டிவிட்டு, "ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன் மேடம். பிடிச்சிருக்கா?" என்றார்.

மேடம் குனிந்த தலை நிமிராமல் கட்டையை வாங்கினார். அழுத்தினார், இழுத்தார்.

"பிடிக்கல மாஸ்டர். நேரா சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க."

மேடம் மேற்கொண்டு ஏதோ சொன்னார். மாஸ்டர் காதில் அது ஏறவில்லை. தலையை ஆட்டிவிட்டு விறுவிறுவென்று நடையைக் கட்டினார். அதன்பின் தேநீர் இடைவேளைக்கு அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. புது ஆலைக்கே போய்த் தொலைவோம், வெள்ளிக்கிழமை முதலாளியிடம் சொல்லிவிடுவோம் என்று முடிவுகட்டிவிட்டார்.

வியாழக்கிழமை மேடமே அச்சுப் பட்டறைக்கு வந்துவிட்டார். கையில் அதே கூரைக் கட்டை.

"என்ன மாஸ்டர், பிடிக்கலன்னு சொன்னதும் அப்படியே போயிட்டீங்க. ஆளையே காணோம்?"

"பிடிக்கலன்னா ஒதுங்கிடறதுதானே மேடம் மரியாதை. வற்புறுத்தவா முடியும்?"

"அதுக்காக அப்படியே விட்டுடறதா? கொஞ்சம் சரி பண்ணினா பிடிச்சிடும்."

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சரி பண்ணவா? எதை?"

"இடது பக்கம் லேசா கோணலா இருக்கு. நீங்க கவனிக்கலயா?"

மாஸ்டரின் கை தன்னையறியாமல் இடது பக்க மீசைக்குப் போயிற்று.

"உள்ள வேற ஒண்ணு மெலிஞ்சு கிடக்கு," என்றார் மேடம். "குழாயைச் சொல்றேன்."

மீசையிலிருந்து கை இறங்கியது. "அப்போ அன்னிக்கு நீங்க பிடிக்கலன்னது கட்டையையா?"

"பின்ன எதை?"

கேட்டுவிட்டு மேடம் மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். இறங்கிய கையைப் பார்த்தார். அவருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. கட்டையை மேசைமேல் வைத்துவிட்டு வாசல்வரை போனவர், திரும்பாமலே சொன்னார்: "நாளைக்குச் சரி பண்ணிக் கொண்டாங்க மாஸ்டர். பாத்துட்டுச் சொல்றேன்."

எதைப் பார்த்துவிட்டு, எதைச் சொல்வாராம்? மாஸ்டருக்குக் கேட்கத் தைரியமில்லை. அச்சைக் கழற்றி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவர், சாப்பாட்டையும் மறந்து தேய்த்தார். மயிரிழை தேய்த்தாலே குழாய் தடித்துவிடும், கூடினால் கட்டை இறுகிவிடும்.

வெள்ளிக்கிழமை முதலாளி இரண்டு தரம் ஆள் அனுப்பிவிட்டார். "இதோ வரேன்னு சொல்லு" என்று சொல்லியனுப்பிவிட்டு மாஸ்டர் புதிதாக வார்த்த கட்டையோடு செக்கிங் அறைக்குப் போனார். பக்கத்து மேசைப் பெண்களுக்கு எப்படியோ மூக்கு வேர்த்திருந்தது. ஒருத்தி கையும் வேலை செய்யவில்லை.

மேடம் அழுத்தினார். டிக் என்று உட்கார்ந்தது. தலைகீழாகப் பிடித்து உதறினார், விழவில்லை. பிறகு விரல் நுனியால் இழுத்தார், அலுங்காமல் கழன்று வந்தது.

"இறுக்கிப் பிடிச்ச இடத்துல ஒரு தடவை மாட்டிக்கிட்டு மூச்சுத் திணறினவ நான்," என்றார் மேடம், கட்டையைப் பார்த்தபடியே. "இனிமே அது எனக்கு ஆகாது மாஸ்டர்."

"குழந்தை இழுத்தாக்கூடக் கழண்டு வரும் மேடம். அப்படித்தான் செஞ்சிருக்கேன்."

மேடம் மறுபடி அழுத்தினார். டிக். இந்த முறை இழுத்துப் பார்க்கவில்லை.

"பிடிச்சிருக்கு."

"கட்டையா மேடம்?"

மேடம் நிமிர்ந்தார். உதட்டோரத்தில் அதே சிரிப்பு.

"கட்டையும்தான்."

புது ஆலைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்படி முதலாளியிடம் சொல்லிவிட்டு மாஸ்டர் அன்றைக்குச் சீக்கிரமே வீட்டுக்குப் போனார். அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். பட்டப்பெயரில் பிரம்மச்சாரி போய்விட்டது. ஆலையில் இப்போது எல்லோரும் அவரை வெறும் கட்டை என்றுதான் கூப்பிடுகிறார்கள்.