பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு அரசுமுறைப் பயணம்

ராயபுரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இரண்டு சங்கங்கள் இருந்தன. ஒன்று துறைமுக ட்ரெய்லர் ஓட்டுநர் நலச் சங்கம். இன்னொன்று துறைமுக ட்ரெய்லர் ஓட்டுநர் உண்மை நலச் சங்கம். ஒன்பது வருடத்துக்கு முன்பு, ஆண்டு விழா பேனரில் யார் பெயர் மேலே வருவது என்ற தகராறில் ஒரே சங்கம் இரண்டானது. அறையின் நடுவே பிளைவுட் அடித்தார்கள். ஜன்னல் வேதமாணிக்கத்துக்குப் போனது, மின்விசிறி குணசேகரனுக்கு. அதற்குப் பிறகு இரண்டு தலைவர்களும் பேசிக்கொள்ளவில்லை. படிக்கட்டில் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரைப் பார்ப்பார், மற்றவர் செல்போனைப் பார்ப்பார்.

அன்புக்கரசி இரண்டு சங்கத்துக்கும் செயலாளர். முழுநாள் ஆள் வைக்க இருவருக்கும் வசதியில்லாததால் ஒரு மணி வரை வேதமாணிக்கத்திடமும், அதற்குப் பிறகு குணசேகரனிடமும் வேலை பார்த்தாள். நிபந்தனை ஒன்றுதான். காலையில் தெரிந்தது மதியம் தெரியக்கூடாது. அவள் அதில் கறாராக இருந்தாள்.

போன வருடம் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டு, வாசலில் நாள்கணக்கில் வரிசையில் நிற்கிற டிரைவர்களுக்குக் கழிப்பறையும் குளிக்க இடமும் கட்டித்தருகிறோம் என்றது. ஆனால் இரண்டு சங்கமும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கேட்க வேண்டும்.

"கையெழுத்து போட்லாம்," என்றார் வேதமாணிக்கம். "பேச்சுவார்த்த இல்லாத ஆளு கூட எப்டி போடறது? மொதல்ல முறையா ஒரு சந்திப்பு நடக்கட்டும். லெட்டர் அடி."

அன்புக்கரசி கடிதம் அடித்து ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினாள். மூன்றாம் நாள் மதியம் அவளே அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, உறையைப் பிரித்துக் குணசேகரனுக்குப் படித்துக் காட்டினாள்.

"நேக்கா எழுதிக்கிறான்," என்றார் குணசேகரன். "யாரு எழுதிக் குட்த்துருப்பாங்க?"

"தெரியல தலைவரே," என்றாள். அவள் அடித்த பதில் இன்னும் காரமாக இருந்தது. அடுத்த வாரம் காலையில் அதைப் பிரித்துப் படித்தபோது அவளுக்கே கோபம் வந்தது.

நாலு மாதம் கடிதங்கள் போய் வந்தன. வேதமாணிக்கம்தான் போய்ச் சந்திப்பது, இரண்டு நாற்காலியும் ஒரே உயரம், மாலை வேண்டாம் சால்வை போதும், நேரம் பதினெட்டு நிமிடம், கையெழுத்து மேலே கீழே இல்லாமல் பக்கத்துப் பக்கத்தில் என்றெல்லாம் முடிவானது. கடைசியில் ஒரு சிக்கல் மிஞ்சியது.

"பக்கத்து ரூம்லேர்ந்து வந்தா அது விசிட்டா?" என்றார் குணசேகரன். "தண்ணி கேக்க வந்தா மாரி இருக்கும். தூரத்துலேர்ந்து வரச் சொல்லு."

அதன்படி ஒரு வியாழக்கிழமை காலை வேதமாணிக்கம் ராயபுரத்திலிருந்து கிளம்பி எண்ணூர் போனார். அங்கே வாடகைக் காரின் முன்னால் சங்கக் கொடியைக் கட்டிக்கொண்டு, பத்து மணிக்கு ராயபுரம் நோக்கிப் புறப்பட்டார். வாடகைக் கார் டிரைவர் மொஹ்சின் ஓட்டினான். காலை நேரம் என்பதால் அன்புக்கரசி வேதமாணிக்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் பையில் யார்டுக்கான கடிதமும் இரண்டு சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்புகளும் இருந்தன.

எர்ணாவூரைத் தாண்டியதும் கார் நின்றது. முன்னால் ட்ரெய்லர்கள், பின்னாலும் ட்ரெய்லர்கள். பதினொன்றரைக்குக் கார் இரண்டு கார் நீளம் நகர்ந்தது. பிறகு அதுவும் இல்லை.

வேதமாணிக்கத்துக்கு அறுபத்தோரு வயது, சர்க்கரை. எண்ணூரில் வழியனுப்ப வந்தவர்கள் பிரியமாகக் கொடுத்த இரண்டு இளநீரையும் குடித்திருந்தார். பன்னிரண்டு மணிக்குக் காலை மாற்றிப் போட்டார். பன்னிரண்டரைக்குப் பேச்சை நிறுத்திவிட்டார்.

"எறங்கி ஓரமா போய்ட்டு வாங்க நைனா," என்றான் மொஹ்சின். "யார் பாக்கப் போறா."

"மேல பாரு. அத்தினி கேபின்லயும் நம்ம ஆளுங்க குந்திகினு கீறானுங்க. கொடி கட்ன வண்டிலேர்ந்து எறங்கி நான் அங்க போய் நிக்கணுமா?"

ஒரு டிரைவர் மேலிருந்து அவருக்குக் கும்பிடு போட்டார். அவரும் புன்னகைத்துக் கையை உயர்த்தினார். அந்த அசைவே அவருக்கு ஆபத்தாக இருந்தது.

அன்புக்கரசி செல்போனைப் பார்த்தாள். "மணி ஒன்னாச்சு தலைவரே," என்றாள்.

அவர் புரிந்துகொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். இப்போது அவள் எதிர்த்தரப்பு. சற்று நேரம் கழித்து, வெளியே பார்த்தபடியே மரியாதையாகச் சொன்னார்: "அம்மா, உங்க தலைவருக்கு ஒரு தகவல் சொல்லுங்க. எனக்கு ஒரு அவசரம். இன்னானு நீங்க கேக்கக்கூடாது."

அவள் குணசேகரனுக்கு போன் போட்டாள். அவர் போண்டாத் தட்டுக்கு முன்னால் புதுச் சட்டையோடு காத்திருந்தார்.

"விருந்தாளிக்கு அவசரமாம் தலைவரே. இன்னானு சொல்ல மாட்டேன்றாரு. சுகர் பேஷண்டு. மூணு மணி நேரமா வண்டியிலியே கீறாரு."

குணசேகரன் அதே ரோட்டில் இருபத்திரண்டு வருடம் வண்டி ஓட்டியவர். அவருக்கு மேலே விளக்கம் தேவைப்படவில்லை. "அங்கியே கீங்க. வரேன்," என்றார்.

அரை மணி நேரத்தில், லாரிகளின் இடுக்கில் நுழைந்து நுழைந்து அவருடைய ஸ்கூட்டர் வந்து நின்றது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவர் வேதமாணிக்கத்திடம் சொன்ன முதல் வார்த்தை, "குந்து."

"இது விசிட்ல சேராது," என்றார் வேதமாணிக்கம்.

"சேராது. குந்துய்யா."

வேதமாணிக்கம் சால்வையோடு பின்னால் ஏறினார். அவருக்குப் பின்னால், இருந்த நாலு விரல் இடத்தில், பையை அணைத்துக்கொண்டு அன்புக்கரசி ஏறினாள். ஒவ்வொரு பள்ளத்திலும் குணசேகரன் வேகத்தைக் குறைத்தார். அதை வேதமாணிக்கம் கவனித்தார்.

திருவொற்றியூரில் குணசேகரனின் தங்கை பூமாரியின் வீடு. வாசலில் மூன்று பேர் வந்து இறங்கிய விதத்தைப் பார்த்ததுமே பூமாரி எதுவும் கேட்காமல் கையை மட்டும் நீட்டி வழி காட்டினாள். வேதமாணிக்கம் உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தார், பத்து வயது குறைந்திருந்தது.

"உன் தங்கச்சி வூடு சுத்தமா கீது," என்றார்.

"ஆங்," என்றார் குணசேகரன்.

பூமாரி இரண்டு பேருக்கும் சோறு போட்டு, வறுத்த நெத்திலி வைத்தாள். இருவரும் தலைநிமிராமல் சாப்பிட்டார்கள்.

"எத்தினி வாட்டி இந்த ரோட்ல இப்டி மாட்டிகினு நின்னுருப்போம்," என்றார் வேதமாணிக்கம், தட்டைப் பார்த்தபடி.

"காலி பாட்டில் இல்லாம நான் வண்டி எட்த்ததே இல்ல."

"எனக்கும் சேத்து ஒன்னு வெச்சிருப்பியே."

குணசேகரன் இன்னும் கொஞ்சம் நெத்திலியை அவர் தட்டில் தள்ளினார்.

அன்புக்கரசி கடிதத்தை எடுத்து வாஷிங் மெஷின் மூடியின் மேல் விரித்தாள். இருவரும் கை கழுவி, பக்கத்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஸ்டாம்பு குத்தும்போது அவள் தயங்கினாள். "தலைவரே, இப்ப மதியம். நான் உங்க ஆளு. அவரு ஸ்டாம்ப நான் தொட்டா நல்லாருக்காது."

குணசேகரன் யோசித்தார். "இன்னிக்கு அரை நாள் லீவு எட்த்துக்க."

அவள் லீவு எடுத்துக்கொண்டு இரண்டையும் குத்தினாள். யாருடைய ஆளாகவும் இல்லாமல் அந்த வேலையைச் செய்தது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

மறுநாள் காலை வேதமாணிக்கம் சொல்லச்சொல்ல அவள் அடித்தாள்: போக்குவரத்து நெரிசல் காரணமாக மேற்படி சந்திப்பு நடைபெறவில்லை. சில நாள் கழித்து ஒரு மதியம் அதற்குப் பதில் அடித்தாள்: நடைபெறாததற்கு வருந்துகிறோம், போண்டாக்கள் வீணாயின. ஸ்டாம்பு குத்திய யார்டுக் கடிதத்தை மட்டும் இரு தரப்பும் மறுக்கவில்லை. ஐந்து மாதத்தில் யார்டு வாசலில் ஆறு கழிப்பறையும் நாலு குளியலறையும் எழும்பின. திறப்பு விழாவில் ரிப்பனை யார் வெட்டுவது என்று இருவரும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோதே டிரைவர்கள் ரிப்பனுக்கு அடியில் குனிந்து உள்ளே போய்க் குளித்துவிட்டு வந்தார்கள்.

அடுத்தது குணசேகரனின் முறை என்று முடிவானது. ரோட்டை நம்ப முடியாது என்பதால் அவர் கடல் வழியாக வரப்போவதாக அன்புக்கரசி ஒரு மதியம் கடிதம் அடித்தாள். அலுவலகத்திலிருந்து கடல் எட்டுத் தெரு தள்ளி இருந்தது. மூன்று நாள் கழித்துக் காலையில் அந்தக் கடிதம் அவள் கைக்கு வந்தது. வேதமாணிக்கம் அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"எந்தப் பக்கம் கரை எறங்குவான்னு கேட்டு எழுது," என்றார். "வெயில்ல நிக்கப் போறான். குடை நாம எட்த்துகினு போவோம்னும் போடு."